செவ்வாய் பிடித்த லேப்டாப்

அந்த ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பஸ் நகரவில்லை. தேர் இல்லை, திருவிழா இல்லை. ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடிக்கு ஏறக் காத்திருந்த கூட்டம் சாலைவரை வழிந்திருந்தது. ஆளுக்கொரு லேப்டாப். சிலர் மஞ்சள் துணியில் சுற்றியிருந்தார்கள். ஒரு பெரியவர் பால்குடம் மாதிரி தலையில் தாங்கி வந்தார். "செருப்பக் கழட்டுங்க பெரியவரே, உள்ள ஹார்ட் டிஸ்க் இருக்கு" என்று ஒரு தொண்டர் அவரை அதட்டிக்கொண்டிருந்தார்.

மாடியில் எழுந்தருளியிருந்தவர் துரித சித்தர். பேய் ஓட்டுவது அவர் தொழிலல்ல. அதில் போட்டி அதிகம். மெதுவாகத் திறக்கும் கம்ப்யூட்டர்களுக்குத் தோஷம் கழிப்பவர். அதிலும் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டர் என்றால் தனிக் கருணை.

"லினக்ஸ் இலவசமாக வந்தது. தட்சணை வைக்காமல் பெற்ற வித்தை தோஷமுடையது, மகனே! அதன் சின்னம் என்ன? பெங்குவின். பெங்குவின் எங்கே வாழ்கிறது? தெற்கே. தெற்கு யாருடைய திசை?"

"எமனோட திசை!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பெங்குவின் கேட்டிருந்தால் பனிக்கட்டி மேல் நின்றபடியே வியர்த்திருக்கும்.

கூட்டத்தின் பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அக்கம்பக்கத்துப் பழைய லேப்டாப்புகளுக்கெல்லாம் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது மந்தைவெளி மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பு. அத்தனையும் திறப்பதற்கு ஒன்றரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டன. அந்த நேரம் முழுக்கக் கருப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக அலையும். சிவப்பு என்றால் செவ்வாய். சித்தர் சொல்லிவிட்டார், ஊர் நம்பிவிட்டது. பெண் பார்க்கும்போது செவ்வாய் பார்த்தவர்கள், கம்ப்யூட்டருக்குப் பார்க்கமாட்டார்களா?

வகுப்பை நடத்தும் கணேசமூர்த்தி சாரே நம்பிவிட்டார் என்பதுதான் கயலுக்குத் தாங்கவில்லை. கயல் பகலில் தி.நகரில் புடவை மடிப்பவள். மாலையில் அவரிடம் படிப்பவள். அடுத்த மாதம் தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் வேலைக்குப் பரீட்சை. பழகுவதற்கு வகுப்பு லேப்டாப்பை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. அவற்றையெல்லாம் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பீடத்தில் வைத்துச் சாந்தி செய்ய வேண்டும் என்று சித்தர் கேட்க, சார் தலையாட்டிவிட்டார். இன்று ஒப்படைப்பு. மண்டலம் முடியும்போது பரீட்சை முடிந்திருக்கும். பீடமும் காலியாகியிருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

"சார், நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம்..."

"தப்புதாம்மா" என்றார் சார், மீதியைக் கேட்காமலே.

போன வாரம் அவள் சித்தரின் அற்புதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். லேப்டாப்பைக் 'கொன்று உயிர்ப்பிப்பது' அது. மூடியைச் சாத்தினார். பட்டுத் துணி போர்த்தினார். எலுமிச்சம்பழத்தை மூன்று சுற்று சுற்றினார். திறந்தார். கண் மூடித் திறப்பதற்குள் திரை பளிச்! கூட்டம் அலறியது. கயல் மட்டும், பட்டுக்கு அடியில் சற்று முன் விட்டுவிட்டு மினுங்கிய சின்ன விளக்கையே நினைத்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன கம்ப்யூட்டருக்கு விளக்கு எதற்கு?

போகிறவர்களுக்கெல்லாம் சித்தர் ஒரு விரதமும் சொல்லி அனுப்புவார். "இனி ஒருபோதும் ஷட்டவுன் செய்யாதே. மூடி மட்டும் வை. ஷட்டவுன் செய்தால் அருள் இறங்கிவிடும்." என்றாவது சார்ஜ் தீரும். செவ்வாய் திரும்பி வரும். பக்தரும் பழத்தட்டோடு திரும்பி வருவார். நல்ல ஏற்பாடு.

கயல் வகுப்பு லேப்டாப் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சோதனை செய்தாள். தெருவில் வந்த காய்கறி வண்டியின் ஒலிபெருக்கிக் கூவலைப் பதிவு செய்து லேப்டாப்பில் ஓடவிட்டாள். மூடித் திறந்தால், கூவல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஷட்டவுன் செய்து திறந்தால், சத்தமே இல்லை. அப்படியானால் மூடுவது சாவு இல்லை, வெறும் தூக்கம். தான் எங்கோ தப்பு செய்கிறோமோ என்று மறுபடியும் செய்தாள். எதற்கும் இருக்கட்டுமென்று வகுப்புத் தோழன் யாசிரையும் செய்யச் சொன்னாள்.

"போதும் கயல். எங்கம்மா காய் வண்டின்னு நெனச்சு ரெண்டு வாட்டி பையத் தூக்கிக்கினு கீழ எறங்கிப் போய்ட்டாங்க" என்றான் அவன்.

இன்று வரிசையில் கயல், யாசிர், சார் மூவருக்கும் முன்னால் வைதேகி மாமி.

"எங்காத்து லேப்டாப் திறக்கறதுக்குள்ள நான் டிகாக்‌ஷனே இறக்கிடுவேன். சாமி கை பட்டதும் பறக்கறது!"

"போன வாரமும் வந்தீங்களே மாமி?" என்றாள் கயல்.

"நடுவுல சார்ஜ் போயிடுத்து. கூடவே அருளும் போயிடுத்து."

கயலின் முறை வந்தது. லேப்டாப்பைப் பலகையில் வைத்தாள். அது பாட்டுக்குக் கூவியது: "தக்காளி, வெங்காயம், உருள, கேரட்டு..."

"அதை நிறுத்து, மகளே."

யாசிர் முதுகில் இடித்ததும் கயல் கேட்டாள்.

"நீங்கதான் கம்ப்யூட்டரையே நிறுத்தப் போறீங்களே சாமி. இதுவும் கூடவே நின்னுடும்ல?"

"அதானே!" என்றது கூட்டம்.

வண்டிக்காரர் "முருங்க" என்று ஆரம்பிக்கையில் சித்தர் டப்பென்று மூடினார். நிசப்தம். பட்டு. சாம்பிராணிப் புகை. மூன்று சுற்று.

"முழுசா செத்துடுச்சா சாமி?"

"ஒரு துளி உயிர் இல்லை. இதோ, புதுப் பிறவி!"

திறந்தார்.

"...க்கா! முருங்கக்கா! வாங்கம்மா, வாங்க!"

கன்னத்தில் போடப்போன கைகள் பாதியில் நின்றன. வண்டிக்காரர் மட்டும் கொத்தவரங்காய்க்குப் போய்விட்டார்.

"ஏன் சாமி" என்றார் வைதேகி மாமி மெதுவாக, "செத்துப் பொறந்தவனுக்கு விட்ட இடம் எப்படி ஞாபகம் இருக்கும்?"

"அது... பூர்வஜென்ம வாசனை!"

பாதிக் கூட்டம் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கயல் அழுதுவிடுவாள் போலிருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவ நிஜமா ஷட்டவுன் பண்ணிட்டு மந்திரம் சொல்லுங்க சாமி."

"கூடாது! மகா பாவம்!"

"பாவம் எனக்கே வரட்டும்" என்று மாமி ஷட்டவுனைக் கொடுத்தார். கூவல் அடங்கியது. விளக்கும் அணைந்தது. கயல் பட்டனை அழுத்தித் திறந்தாள்.

கருப்புத் திரை. சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக உலாவ ஆரம்பித்தன. சித்தர் மந்திரம் சொன்னார். நட்சத்திரங்கள் அவசரப்படவில்லை. எலுமிச்சம்பழத்தை இடப்பக்கமாகச் சுற்றினார், வலப்பக்கமாகச் சுற்றினார், கடைசியில் பிழிந்தே விட்டார். தொண்டர் செருப்பைத் தேடிக்கொண்டு படியிறங்கினார்.

"இன்னாம்மா நீ! நல்லா ஓடிக்கினு கீற பொழப்புல..." என்றார் சித்தர்.

"இன்னா சாமி, பாஷ மாறுது?" என்றான் யாசிர்.

"சாமி இல்ல நைனா, டில்லிபாபு. கோடம்பாக்கத்துல ஷூட்டிங்குக்குப் பொக போட்டுக்கினு இருந்தேன். அத்த இங்க போட்டேன். நீங்களா வந்து வியுந்தீங்க."

இதற்குள் மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் குனிந்தார். "நட்சத்திரத்துக்குப் பக்கத்துலயே இங்கிலீஷ்ல எழுதியிருக்கே! ஏதோ டிஸ்க் வரணும்னு காத்துண்டிருக்காம். ஒன்றரை நிமிஷம் பார்க்குமாம்."

கணேசமூர்த்தி சார் தலையில் கை வைத்துக்கொண்டார். வகுப்பின் முதல் கம்ப்யூட்டரில் கூடுதலாக ஒரு டிஸ்க் இருந்தது. திறக்கும்போதெல்லாம் அதைத் தேடு என்று ஒரு வரி எழுதி வைத்தவர் அவர்தான். டிஸ்க்கைக் கழற்றினார், வரியை மறந்தார். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் மற்ற எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்தார். அன்று முதல் மந்தைவெளி, மயிலாப்பூர் லேப்டாப்புகள் அனைத்தும், தாங்கள் பார்த்தேயிராத ஒரு டிஸ்க்கைத் தினமும் எதிர்பார்த்துக் கிடந்தன.

சார் உட்கார்ந்து அந்த ஒரு வரியை அழித்தார். ஷட்டவுன். மறுபடியும் பட்டன். நட்சத்திரம் இல்லை, புகை இல்லை. மாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திறந்துவிட்டது.

"நான் சொன்னது தப்பாக்கூட..." என்று தொடங்கினாள் கயல்.

"இல்லம்மா. செவ்வாய் நான்தான்" என்றார் சார். வகுப்பு லேப்டாப்புகளை அள்ளி ஆட்டோவில் ஏற்றினார்.

பீடம் கலைந்தது. கிளம்பும்போது அந்தப் பால்குடப் பெரியவர் டில்லிபாபுவின் காதருகே குனிந்தார். "அந்த எலுமிச்சம்பழத்தோல மட்டும் குடுங்க சாமி. என் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

இல்லாத ஒன்றுக்காக லினக்ஸ் ஒன்றரை நிமிடம் காத்திருக்கும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று எழுதியும் காட்டும். வராது என்று தெரிந்ததும் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். ஓசியில் வந்த பெட்டிக்கே அவ்வளவு அறிவு. மாட வீதியில் வரிசையில் நின்ற மகாஜனங்களே, உங்களுக்கு இன்னும் எத்தனை நிமிடம் வேண்டும்?