முதற்பலனாய்ப் போன வில்லை

இரும்புலியூர்,
12-11-1974

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் சுவிசேஷமுத்து அவர்களுக்கு எலியேசர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தபீதாளும் தேவகிருபையால் சுகம். கோவளத்தில் நீங்களும் சாராள் அக்காவும், ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை ஏலத்தில் நீங்கள் எடுத்த பூசணிக்காயும் சுகமா?

பூசணிக்காயை ஏன் விசாரிக்கிறேன் என்றால், அதன் காம்பில் ஒரு தீப்பெட்டி கட்டியிருக்கும். அதற்குள் பஞ்சில் இருப்பது என் உத்தியோகம். காலியம் ஆர்சனைடு என்ற படிகத்தில் அரிந்த சின்ன வில்லை; அதன்மேல் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் அதே படிகத்தின் புதுப் படலம். உருக்கிய குழம்பை வில்லைமேல் நகர்த்தி, உலையை மெள்ள மெள்ள ஆறவிட்டால், ஆலயத்தில் முன்பெஞ்சுக்காரர்களைப் பார்த்துப் பின்பெஞ்சும் உட்காருவதுபோல அணுக்கள் வரிசை மாறாமல் படியும். எங்கள் கல்லூரியில் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதல் நான்கு தடவை திட்டுத்திட்டாக வந்தது வாஸ்தவம். வில்லைக்கு மெருகு போதவில்லை, அது என் குற்றமல்ல. ஐந்தாவது, கருத்த சாம்பல் நிறத்தில் ஒரே சீராகப் படிந்தது. வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து வரும் புரொபசர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் என் வேலை நிரந்தரம். சனிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, "நல்லா வெளைஞ்சிருக்கு பாரு" என்று தபீதாளிடம் காட்டியதுதான் தப்பு. மறுநாள் அறுப்பின் பண்டிகை. முதல் முட்டையோ முதல் முருங்கைக்காயோ, ஆலயத்துக்குக் கொடுக்காமல் உங்கள் தங்கை தொட மாட்டாள் என்பது உங்களுக்கே தெரியும். தனியே வைத்தால் தொலைந்துவிடும் என்று பூசணிக்காயோடு கட்டிவிட்டாள். கேட்டால், "அஞ்சு தடவைல ஒண்ணுதானே வெளஞ்சுது? அப்ப அதுதாங்க முதற்பலன். ஆறாவது நமக்கு" என்கிறாள்.

ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டாம், தொட வேண்டாம், ஊதவும் வேண்டாம். வியாழக்கிழமைக்குள் பஸ்ஸில் கொண்டுவந்துவிடுங்கள். நானே வந்துவிடுவேன், ஆனால் லீவு கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் நிரந்தர ஊழியன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவர் உங்கள் வீட்டைத் தம் கிருபையால் நிரப்புவாராக.

அன்புடன்,
எலியேசர்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் கடிதம் வந்தது. பூசணிக்காய்க் கூட்டு பிரமாதம் என்றும், பெட்டியிலிருந்த வில்லையில் அழுக்கேறியிருந்ததால் அக்கா நாள் முழுக்கச் சாம்பல் போட்டுத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படலம் முழுக்கப் போயிற்றே என்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு யோசித்தேன். முகம் தெரிகிற அளவு மெருகேறிய வில்லை இந்த ஆறு மாதத்தில் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கடிதம் கண்டதும் அடுத்த பஸ்ஸில் வில்லையோடு அக்காவையும் அனுப்புங்கள், சாம்பலையும் கொடுத்தனுப்புங்கள். உலையை இப்போதே பற்றவைக்கப் போகிறேன். தபீதாள் சொன்னபடி, ஆறாவது நமக்கு.