மாமனாரைக் கடலில் குளிப்பாட்டிய கதை

கடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவன்தான் கடலைப் பற்றி அதிகம் பேசுவான். நான் நிறையப் பேசியிருக்கிறேன். மலாயாவில், பாலோ பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். வெள்ளம் வந்தாலொழிய முழங்காலுக்கு மேல் தண்ணீரைப் பார்த்ததில்லை. ஆனால் ஜோகூர் பாருவில் ஒரு ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்ததும், ஏதோ கப்பலிலேயே பிறந்தவன் மாதிரி அளக்க ஆரம்பித்துவிட்டேன். (தலையில் கிராப்பு, காலில் சப்பாத்து, வாயில் கொஞ்சம் இங்கிலீஷ். போதாதா?)

சிங்கப்பூருக்குப் பாலம் போட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். எனக்குக் கல்யாணமும் புதிது. மாமனார் லாபிஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கங்காணி. தமிழ்நாட்டு ஊர்களுக்குப் போய்ப் போய்த் தோட்ட வேலைக்கு ஆள் கட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி அவர் ஒரு பார்வை பார்த்தால் காய்ச்சல்காரனுக்கும் காய்ச்சல் விட்டுப் போகும் என்பார்கள். அவர் ஆடி மாதத்துக்கென்று என் மனைவி தனத்தைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆடி முடிந்தது. ஆவணியும் முடிந்தது. பெண் வரவில்லை. ஆள் விட்டுக் கேட்டேன். "பட்டணத்துல மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னு நேர்ல பாத்துட்டு, அனுப்புறதா வேணாமான்னு சொல்றேன்" என்று பதில் வந்தது.

ஒரு சனிக்கிழமை ரயிலில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். மாமனார் கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக முன்னால் வந்தார். பின்னால் அவர் மனைவி, என் அத்தை. அவருக்குப் பின்னால், என்னைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டு தனம். மாமனார் என் வாடகை அறையைச் சுற்றிப் பார்த்தார். சுற்றுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, இது வீடா, கோழிக் கூண்டா? எம்பொண்ணு இங்க கால நீட்டிப் படுக்க முடியுமா?"

குழாயடியைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார். ராத்திரி ரயில் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்து உறுமினார். தனம் திரும்பவும் லாபிஸ் ரயில் ஏறப்போகிறாள் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. என்னிடம் மிச்சமிருந்தது கடல் ஒன்றுதான்.

"மாமா, காலையில கடக்கரைக்குப் போலாம். ஞாயித்துக்கிழமைன்னா குடும்பம் குடும்பமா வருவாங்க. குளிக்கிறதுக்குப் பாகார் கட்டியிருக்காங்க."

"அதென்ன பாகாரு?"

"கடலுக்குள்ள வேலி, மாமா. முதலை, சுறா எதுவும் உள்ள வராது. வெள்ளைக்காரன் பொண்டாட்டி புள்ளையோட அதுக்குள்ளதான் குளிப்பான்."

இதில் உண்மை எவ்வளவு என்றால், ஒரு தடவை சிங்கப்பூரில் காத்தோங் பக்கம் பஸ்ஸில் போகும்போது அப்படி ஒன்றை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். ஆனால் வெள்ளைக்காரன் என்றதும் மாமனாரின் முகம் மாறியது. தோட்டத்துத் துரை செய்வதையெல்லாம் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளூர ஆசை.

"சரி, அதையும் பாத்துடுவோம்" என்றார்.

காலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த கடற்கரையில் போய் இறங்கினோம். சீனப் பிள்ளைகள் மணலில் உருண்டார்கள். சிங்கப்பூரிலிருந்து கார் போட்டு வந்தவர்கள் பாய் விரித்திருந்தார்கள். எல்லோரும் கரையோரமாக, கணுக்கால் அளவுத் தண்ணீரில் சந்தோஷமாக இருந்தார்கள். அங்கேயே இருந்திருக்கலாம். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இதெல்லாம் சின்னப் பசங்க இடம், மாமா. வாங்க" என்று நடக்கவைத்து, கூட்டம் முடிந்து வெகுதூரம் தள்ளிக் கூட்டிப்போனேன். அங்கே நான் தேடிய வேலி நின்றது. கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் ஓடி, முனையில் வளைந்து வளைந்து முடிந்தது.

"ஒருத்தரையும் காணோமே, மாப்பிள்ளை?"

"பெரிய மனுஷங்க இடம். அப்படித்தான் இருக்கும்."

பெண்களைச் சவுக்கு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு இருவரும் இறங்கினோம். மாமனார் கோட்டைக் கழற்றினாரே தவிரத் தலைப்பாகையையும் குடையையும் விடவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டே இடுப்பளவு தண்ணீர் வரை போனோம். முனையில் ஒரு இடைவெளி. உடம்பை ஒடுக்கி நுழைந்தோம். உள்ளே பெரிய அறை மாதிரி வட்டமான இடம்.

"நல்லா கட்டியிருக்கான்யா!" என்றார் மாமனார். வந்த இரண்டு நாளில் அவர் பாராட்டிய முதல் பொருள். எனக்குத் தலை கால் புரியவில்லை. "உள்ள இன்னும் ரூம் இருக்கு மாமா" என்று அடுத்த இடைவெளியையும் காட்டினேன்.

"காலுல என்னமோ இடிக்குது, மாப்பிள்ளை. மீனா?"

"ஆமா மாமா. அழகுக்கு விட்டிருக்காங்க."

(இதைச் சொன்ன வாயை என்ன செய்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.)

கடல் ஏற ஆரம்பித்துத் தண்ணீர் மார்புக்கு வந்தபோதுதான் மாமனார் திரும்பலாம் என்றார். திரும்பினோம். வந்த வழியைக் காணோம். உள்ளே வரும்போது விலகிக் கொடுத்த மூங்கில் பிளாச்சுகள் இப்போது முனையை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு குத்தின. கையால் தடவித் தடவி ஒரு இடைவெளியைக் கண்டுபிடித்து "இதோ வழி!" என்று அவரை இழுத்துக்கொண்டு பாய்ந்தேன். அது இன்னும் சின்ன அறைக்குப் போகும் வழி.

அந்தக் கடைசி அறையில் இரண்டு பேர் நிற்க இடமில்லை. மாமனாரும் மருமகனும் மூக்கோடு மூக்காக நின்றோம். நடுவில் மீன்கள் துள்ளின. அவர் வேட்டி எங்கேயோ சிக்கிக்கொண்டது. தண்ணீர் கழுத்துக்கு வந்தது. பயத்தில் அவர் குடையை விரித்து உயரத் தூக்கி ஆட்டினார். கரையிலிருந்து அத்தை முந்தானையை ஆட்டிப் பதில் சொன்னார்.

தனம்தான் சந்தேகப்பட்டாள். தனியாகப் பக்கத்துக் கம்பத்துக்கு (மலாய்க் குடியிருப்புக்கு) ஓடி, தனக்குத் தெரிந்த லாபிஸ் மலாயில் பேசி, ஒரு மலாய்ப் பெரியவரைச் சம்பான் படகோடு அழைத்து வந்தாள். அவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அலாமாக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்த சிரிப்பில் சம்பான் கவிழப் பார்த்தது. எங்களை மேலே இழுத்துப் போட்டார். மாமனாரின் வேட்டி வரவில்லை. குடையை முன்னால் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார் லாபிஸ் பெரிய கங்காணி.

அது பெரியவரின் பெலாட். மீன் பிடிக்கக் கட்டிய வேலி. அவர் மலாயில் விளக்க, எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டதால் தனம்தான் தமிழில் சொன்னாள்.

"வேலி ஓரமாவே வந்தா நல்ல இடத்துக்குப் போகும்னு மீனு நெனைச்சுக்குமாம். முதல்ல பெரிய ரூமு. அப்புறம் சின்னது. அப்புறம் இன்னும் சின்னது. உள்ள வரதுக்கு மட்டும் வழி உண்டாம், வெளிய போறதுக்குக் கிடையாதாம்."

அத்தை புளிச்சோற்றைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுல என்ன அதிசயம்? உங்கப்பா ஆள் கட்டிக் கொண்டாந்ததும் அப்படித்தானே!"

மாமனார் கையில் வாங்கிய புளிச்சோற்றை அப்படியே கீழே வைத்துவிட்டார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு வந்தது, வேட்டியில்லாமல் கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம், என் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றவருக்குப் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. "மீனுக்கும் மனுசனுக்கும் கட்டுன வேலிக்கு வித்தியாசம் தெரியாதவன நம்பி எம்பொண்ண விட முடியாது. ஏறு, தனம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னது நியாயம்.

அத்தை ஏறினார். மாமனார் ஏறினார். தனம் ஏறவில்லை.

"நீங்க போங்கப்பா. நான் இங்கயே இருக்கேன்."

"இவ்வளவு பாத்தப்புறமுமா?"

"பாத்ததுனாலதாம்பா. இவரு மாதிரி ஆளு உள்ள போனா, கரையில ஒருத்தர் நிக்கணும்ல."

ரயில் நகர்ந்தது. மாமனார் ஜன்னலில் என்னை முறைத்துக்கொண்டே போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் என்று சமாளித்தேன்.

இப்போது எங்களுக்குக் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நிலம் வாங்கலாம் என்றாலும் சரி, கூட்டு வியாபாரம் என்றாலும் சரி, நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை எடுத்தால் போதும். என் யோசனை நல்லதா கெட்டதா என்று ஒரு பிள்ளையும் கேட்பதில்லை. சமையலறைப் பக்கம் பார்த்து ஒரே குரலில் கத்துவார்கள்:

"அம்மா, கரையில இருக்கீங்களா?"