நெற்றியில் பூசிய கடல்

பயம் வந்தால் எனக்குப் புத்தி போய்விடும். கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்யும். இதற்குக் கொடைக்கானலில் ஒரு வகுப்பே சாட்சி.

உயிரியல் ஆசிரியர் வேலைக்கு மாதிரிப் பாடம் நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு அது நான்காவது நேர்காணல். (முந்தைய மூன்றைப் பற்றிக் கேட்காதீர்கள்.) இதுவும் போனால் பழனி அடிவாரத்தில் மாமாவின் பஞ்சாமிர்தக் கடையில் டப்பா மூட வேண்டியதுதான். எப்படியாவது அசத்திவிட வேண்டும் என்று என் பழைய பேராசிரியரிடம் கெஞ்சி, ரேடியோலேரியா ஓடுகள் கொஞ்சம் வாங்கினேன். கடலில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிர்கள் அவை. கண்ணாடி போன்ற சிலிக்காவில், சல்லடை வேலைப்பாட்டுடன் தமக்குத் தாமே ஓடு கட்டிக்கொள்ளும். வெறும் கண்ணுக்கு வெள்ளைப் பொடி, அவ்வளவுதான்.

பேராசிரியர் கண்ணாடிக் குப்பியில்தான் கொடுத்தார். மலைப்பாதை வளைவில் உடைந்துவிடுமோ என்று பயந்து, நான்தான் காகிதத்தில் கொட்டிப் பொட்டலமாக மடித்தேன். அதே சட்டைப் பையில் அம்மா கொடுத்த திருநீற்றுப் பொட்டலமும் இருந்தது. (பழனிக்காரன் வேறெப்படிக் கிளம்புவான்?)

பள்ளி வாசலில் சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டினேன். குளிர் என்று சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, பிறந்த ஊரின் தெற்கத்திப் பேச்சை இன்னும் விடாத அம்மா போனில் வந்தார்.

"ஏலே, துண்ணூறு பூசிட்டு உள்ள போ. வெரசா!"

பொட்டலம் மொத்தத்தையும் பட்டையாக இழுத்தேன். வழக்கப்படி ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டேன். பல்லில் நறநறவென்றது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

வகுப்பில் மற்ற பொட்டலத்தைப் பிரித்து ஸ்லைடு தயாரித்து, "இப்போது கடலைப் பாருங்கள்!" என்று முழங்கினேன். மேல்மலைக் கிராமமான மன்னவனூரைச் சேர்ந்த மாணவி ஒருத்தி நுண்ணோக்கியில் குனிந்தாள்.

"சார், ஒண்ணுமே தெரியல. சாம்பல் மாதிரி கெடக்கு."

நானும் பார்த்தேன். சாம்பலேதான். கை தானாக நெற்றிக்குப் போனது.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த முதல்வர் எழுந்தார். "எனி ப்ராப்ளம், சார்?"

"இல்லைங்க மேடம்... ஓடெல்லாம் என் நெத்தியில இருக்குதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. புது ஸ்லைடின் விளிம்பால் நெற்றியைச் சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வைத்தேன். அந்தப் பெண் மறுபடி குனிந்தாள். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"ஆத்தீ! உருண்டை உருண்டையா, ஓட்டை ஓட்டையா, முள்ளு வச்சு... யாரு சார் இத செஞ்சது?"

முதல்வரும் பார்த்தார். பிறகு என் நெற்றியைக் கூர்ந்து பார்த்தார். "லெஃப்ட் சைடுல இன்னும் கொஞ்சம் இருக்கு சார். நெக்ஸ்ட் ஸ்லைடு போடுங்க."

வேலை கிடைத்துவிட்டது. இன்றும் நான் வெளியே கிளம்பினால் வீட்டில் ஆளாளுக்கு, "எந்தப் பொட்டலம்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரிப்பதில்லை. அறிவியல் ஆசிரியரான என்னிடமே சொல்வார்:

"எந்தப் பொட்டலமா இருந்தா என்னலே? நெத்தியில பூசுனதுனாலதான சோலி கெடச்சுச்சு!"