உப்புத்தண்ணீர் எலிகளின் சார்பில்

இரணைமடு,
வைகாசி 8.

அன்பும் படிப்பும் நிறைந்த மருமகன் நிருஷனுக்கு, மாமா ஏரம்பு எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாடுகளும் சுகம். நீ இரண்டு கிழமையாகப் போனை எடுக்காததால், கொழும்பில் நீயும் உன் ஆய்வுகூட எலிகளும் சுகமென்றே எடுத்துக்கொள்கிறேன்.

மார்பில் கட்டி வெட்டிய உன் மாமி அருந்ததிக்கு இருபதாம் திகதி யாழ்ப்பாணத்தில் கதிர்ச் சிகிச்சை தொடங்குவது நீ அறிந்ததே. பையெல்லாம் கட்டி ஆயத்தமாகத்தான் இருந்தார். அந்த நேரம் பார்த்து நீ வீடியோவில் வந்து உன் ஆராய்ச்சியை அளந்தாய். கதிர் பட்டாலும் உடம்பைக் காக்கும் மருந்தாம், அதைப் போட்ட பத்து எலியில் எட்டுத் தப்பியதாம், வெறும் உப்புத்தண்ணீர் ஊசி போட்ட பத்தில் எட்டுக் கதிர் பட்டுச் செத்ததாம். சிரித்துக்கொண்டு சொன்னாய். மாமி பையை அவிழ்த்து உடுப்பைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டார். "எனக்கு ஆர் அந்த மருந்து தரப்போகினம்? நான் உப்புத்தண்ணிப் பக்கம்தானே" என்றார்.

மருந்தைக் கிளிநொச்சி பஸ்ஸில் கொடுத்துவிடு என்றேன். மனிதருக்கு வரப் பத்து வருஷமாகும் என்றாய். சரி, எலிக்கு முதல், மாமிக்குப் பிறகு. ஆனால் எந்த எலிக்கு மருந்து, எதற்கு உப்புத்தண்ணீர் என்று யார் தெரிவு செய்தது? குலுக்கல் என்று சொல்லாதே. சண்டைக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்த வீட்டுத்திட்டமும் குலுக்கல்தான். ஊர்ச் சங்கத் தலைவரின் மச்சானுக்கு இரண்டு வீடு விழுந்தது. அதைவிட, எலிக்கு ஊசி குத்த முதல் ஒரு குழு கூடி, நோகுமா என்று விசாரித்துக் கையெழுத்து வைக்க வேண்டுமாமே! இரண்டாயிரத்து ஒன்பதில் நாங்கள் ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தபோது அந்தக் குழுவின் விலாசம் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

எலிக்கு உடம்பு முழுக்கக் கதிர், மாமிக்கு ஓரிடத்தில் மட்டும் என்று பிறகு முணுமுணுத்தாய். அதை நீயே அவருக்குச் சொல்லு. நான் சொன்னால், "நீங்கள் எந்த யூனிவேசிற்றியிலை எலி படிச்சனீங்கள்?" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. போகாமல் விட்டுவிடுவாரோ என்று நித்திரையில்லை.

அம்மாளாச்சி உன்னையும், மருந்து கிடைத்த, கிடைக்காத சகல எலிகளையும் காப்பாளாக.

இப்படிக்கு,
மாமா ஏரம்பு

பி.கு.: கடித உறையை ஒட்ட முதல் மாமி இதை வாங்கி வாசித்தார். "உப்புத்தண்ணியோடை ரெண்டு தப்பினதை ஏன் எழுதேல்லை? பங்கருக்குள்ளை எங்களுக்கு ஆர் மருந்து தந்தவை? அந்த ரெண்டும் நாங்கள்தான். இருபதாம் திகதி விடிய பஸ்ஸுக்கு எழுப்பிவிடுங்கோ" என்றார். பை திரும்பக் கட்டியாயிற்று. ஆகவே மருந்தும் வேண்டாம், மேலே எழுதியதற்குப் பதிலும் வேண்டாம். போனை மட்டும் எடு. அந்த இரண்டு எலியும் இப்போது எப்படி இருக்கின்றன என்று மாமி கேட்பார். நல்லாயிருக்கின்றன என்று சொல்லு.