பின்முகம் வழியாக இறங்கியவர்

ஏறியவர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. ஏறுகிறவர் வேறு, அவர் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருப்பார், நமக்கு அவரால் தொல்லை இல்லை. ஏறியவர் அப்படியல்லர். என்றைக்கோ ஒரு நாள் எதன் மேலேயோ ஏறினார்; அதோடு விட்டிருந்தால் உலகம் தப்பித்திருக்கும்; அன்றிலிருந்து இன்றுவரை கல்யாண வீட்டுப் பந்தியில், சாவு விழுந்த துஷ்டி வீட்டு வாசலில், பரமக்குடி பஸ்ஸின் கடைசி சீட்டில், பல் பிடுங்கும் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியேகூட, அந்த ஏற்றத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்களும் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் எதிர்ப்பக்கம் போயிருப்பீர்கள்.

இந்த இனம் மலைநாட்டில் பிறந்தால் அதிசயமில்லை. உக்கிரபாண்டி பிறந்ததோ இராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூருக்குப் பக்கத்தில். அந்தச் சீமையின் நில அமைப்பை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: தோசைக்கல்லிலாவது நடுவில் கொஞ்சம் குழி இருக்கும். கண்மாய்க்கரையில் ஏறி நின்றால் மூன்றாவது ஊரில் யார் வீட்டு மிளகாய் காய்கிறதென்று சொல்லிவிடலாம். இராமேசுவரம் தீவில் பர்வதம் என்றே பெயர் வாங்கிய இடம் ஒன்று உண்டு. அதற்கு ஆட்டோவில் போய் வரலாம். இப்படிப்பட்ட பூமியில்தான் 1984-இல் 'சேதுச் சீமை பாறை ஏறுவோர் சங்கம்' உதயமானது. பாறை எங்கே என்று கேட்காதீர்கள். சங்கம் ஆரம்பிக்கிறவர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

பாறை இல்லாவிட்டால் எங்கே பழகுவது? கிணற்றில். அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியே கருங்கல் வைத்துக் கட்டிய, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் பெரிய கமலைக் கிணறுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் உறுப்பினர்கள் கிணற்று மேட்டில் கூடி, சட்டையைக் கழற்றி வைத்து, தொபீரென்று தண்ணீரில் குதித்து, பிறகு கல் இடுக்குகளில் விரலைச் செருகி ஏறி வருவார்கள். மேலே வந்து நின்றால் அதுதான் சிகரம். சிகரத்தில் எருமை மேயும். சிகரத்துக்கு டவுன் பஸ் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்கு ஏறத் தெரியும், குதிக்கத் தெரியும். இறங்கத் தெரியாது. கிணற்றில் அதற்கு வேலையே இல்லை. அது மட்டுமா? ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை சுற்றி வந்து பார்ப்போம் என்ற பழக்கமும் கிடையாது. கிணற்றை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கிணறுதானே! 'சுற்றிப் பார்ப்பவன் கோழை' என்று சங்கத்தின் விதிப் புத்தகத்தில் நான்காவது விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தப் பொற்கால வீரர்களைப் பற்றி உக்கிரபாண்டி பேச ஆரம்பித்தால் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். பல்லி பால்சாமி: இடக்கையில் ஆறு விரல், ஆறாவது விரலுக்கென்றே தனியாகப் பிடி தேடுவார். நண்டு காளீஸ்வரன்: பக்கவாட்டில்தான் நகர வரும், ஒருமுறை கிணற்றை மூன்று சுற்றுச் சுற்றி ஓர் அடிகூட உயராமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். வாவு முகம்மது: வியர்வைக்காக உள்ளங்கையில் கோலமாவு தடவும் முறையைக் கண்டுபிடித்தவர், அவர் தொட்ட கிணற்றில் ஒரு வாரத்துக்கு எறும்பு விலகாது. "அவங்கெல்லாம் மனுசங்களாய்யா? ஒவ்வொருத்தனும் ஒரு பாறை!" என்று சொல்லிக் கண்ணைத் திறப்பார். எதிரே உட்கார்ந்திருந்தவர் அதற்குள் போயிருப்பார்.

அவருடைய மற்ற பழக்கங்களும் உங்களுக்குப் பரிச்சயமானவைதான். எந்தச் சுவரைக் கண்டாலும் உள்ளங்கையை வைத்துத் தடவிவிட்டு, "நல்ல பிடி" என்பார். யாராவது கை கொடுத்தால் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்து, "மெத்து மெத்துன்னு இருக்கே" என்று வருத்தப்படுவார். ரேசன் கடையில் இருந்தாலும் சரி, பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கழுகுமூக்குப் பாறையில்தான் வந்து நிற்கும்.

கழுகுமூக்குப் பாறை சிவகங்கைப் பக்கம் இருக்கிறது. சங்கத்தின் சரித்திரத்தில் அவர்கள் தொட்ட ஒரே பாறை அது. நான்கு பேர் இரண்டு பஸ் மாறிப் போனார்கள்; ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் ஆளுயரம் ஏறியதுமே கீழே குதித்துக் கழன்றுகொள்ள, உக்கிரபாண்டி மட்டும் கயிறில்லாமல் உச்சிக்குப் போனார். இது சத்தியம். அன்றைக்குப் பாறையின் உயரம் நூற்றிருபது அடி. அவர் கல்யாணத்தின்போது அது இருநூறு அடியானது, மகனுக்குக் காது குத்தும்போது முந்நூற்றைம்பது, கையில் செல்போன் வந்தபோது தொள்ளாயிரம். மழையில்லாத அந்தச் சீமையில் தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்தது அது ஒன்றுதான்.

ஆனால் ஏறியது பெரிதல்ல, இறங்கியதுதான் பெரிது. முன்பக்கம் ஏறியவர் மூன்று மணி நேரம் கழித்துப் பாறையின் பின்பக்கத்திலிருந்து, ஒரு கீறல்கூட இல்லாமல், நடந்து வந்தார். கழன்றுகொண்ட மூவரில் ஒருவராய், கீழே அவருடைய சட்டையையும் கைக்கடிகாரத்தையும் காவல் காத்துக்கொண்டிருந்த கீழக்கரை சதக் அதிர்ந்துபோய், "எப்படிப்பா எறங்குனே?" என்று கேட்டார். "பின்முகம் வழியா" என்றார் உக்கிரபாண்டி. அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளாக, "பின்முகத்தப் பத்தி மட்டும் கேக்காதீக, பொண்டு புள்ள உள்ளவன் கேக்கிற விசயமில்ல அது" என்று கையைக் காட்டித் தடுத்துவிடுவார். பாறைக்குக் கீழே இருந்த ஊரிலேயே ராக்குவைப் பெண் எடுத்தார். அத்தனை தூரம் போய் எதற்குப் பெண் எடுத்தாய் என்றவர்களிடம், "பாறை உள்ள ஊரு" என்று சொன்னார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் சுவர் வந்தது.

சதக்கின் மகள் நஸீஹா பெங்களூரில் பாறை ஏறப் படித்தவள். அப்படியும் ஒரு படிப்பு வந்துவிட்டது. தனுஷ்கோடிக்குப் போகிற சுற்றுலாக் கூட்டம் தங்கிப் போகட்டும் என்று இராமேசுவரம் சாலையோரம் முப்பத்தைந்து அடிக்குச் செயற்கைச் சுவர் ஒன்று எழுப்பி, அதில் சிவப்பும் மஞ்சளுமாகப் பிடிகளைப் பதித்து, வாசலில் ஒரு பலகையும் வைத்தாள். 'நம் மாவட்டத்தின் மலையேறிகள்' என்று தலைப்பு. முதல் பெயர்: 'உக்கிரபாண்டி. கழுகுமூக்குப் பாறை உச்சியை முதன்முதலில் அடைந்தவர். பின்முகம் வழியாகத் தனியாக இறங்கிய ஒரே மனிதர்.' திறப்பு விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர்.

உக்கிரபாண்டிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஊரில் சொன்னது காற்றோடு போகும். பலகையில் எழுதியது நிற்கும். இத்தனை காலம் சொன்ன கதைக்கு முதன்முதலாக ஓர் ஆணி அடிக்கப்போகிறார்கள். பலகை நிலைத்தால் அவரும் நிலைப்பார்; விழுந்தால் துஷ்டி வீட்டு வாசலில்கூட அவரை யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

விழாவன்று நஸீஹா அவர் இடுப்பில் பட்டையை மாட்டி, கயிற்றைக் கோத்து, "ரெண்டு பிடி மட்டும் தொட்டு நில்லுங்க மாமா, போட்டோ எடுத்துக்குவோம்" என்றாள். இரண்டு பிடியாம்! வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்ட உக்கிரபாண்டி இரண்டாவது பிடியில் நிற்கவில்லை. மூன்று, ஐந்து, பத்து என்று விரல்கள் தாமாகவே இடுக்குத் தேடின. அறுபத்து நான்கு வயது எங்கேயோ கழன்று விழுந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. முப்பத்தைந்து அடியையும் மூச்சு வாங்காமல் ஏறி உச்சிப் பிடியில் கையை வைத்துத் திரும்பிப் பார்த்தார். கேலி பேசுகிற நாமும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்: மனிதர் அற்புதமாக ஏறினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

"போதும் மாமா, எறங்குங்க!" என்றாள் நஸீஹா.

உக்கிரபாண்டி கீழே பார்த்தார்.

"கைய விட்டுட்டுப் பின்னால சாய்ங்க. கயிறு எங்கிட்ட இருக்கு, நான் பிடிச்சுக்கிறேன்."

"கீழ தண்ணி இருக்கா?" என்றார் அவர்.

"தண்ணியா? மெத்தை போட்டிருக்கு மாமா."

"எத்தன அடி ஆழம்?"

நஸீஹாவுக்குப் புரியவில்லை. உக்கிரபாண்டிக்கு நன்றாகப் புரிந்தது.  நாற்பது ஆண்டுக்கு முன்னால் கழுகுமூக்கின் உச்சியில் நின்ற நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இப்படித்தான், மேலே போன பிறகுதான் கீழே தண்ணீர் இல்லை என்பது உறைத்தது. குதிக்க முடியாது, வேறு வழி தெரியாது. ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆம்பிளை என்பதையும் மறந்து அழுதுகொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் "ம்மே" என்று சத்தம் கேட்டது. திரும்பினால் பதினோரு ஆடுகள். ஆடுகளுக்கு நடுவே தொரட்டிக் கம்போடு ஒரு பெண், கம்பங்கூழைக் குடித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு அழுகுறீக?" என்றாள். சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க, பின்னாடி படி இருக்கு" என்றாள்.

படி இருந்தது. நூற்றியெட்டுப் படி, நடுவில் ஒரு பிள்ளையார். விதி எண் நான்கின்படி யாரும் சுற்றிப் பார்க்கவில்லை. ஆட்டுக் கயிற்றின் ஒரு நுனியை அவள் பிடிக்க, மறு நுனியை அவர் பிடிக்க, ஆடுகள் முன்னே போக, இறங்கி வந்தார்கள்; இதுதான் அந்தப் பயங்கரமான பின்முகம். அந்தப் பெண்தான் ராக்கு. அவள் இன்றுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இதையெல்லாம் நினைத்தபடி முப்பத்தைந்து அடி உயரத்தில் தொங்குகிற ஏறியவர் என்ன செய்வார்? பேசுவார். வேறென்ன தெரியும்? "அன்பார்ந்த பெரியோர்களே!" என்று அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டார். பல்லி பால்சாமியின் ஆறாவது விரலைச் சொன்னார், நண்டு காளீஸ்வரனை மூன்று சுற்றுச் சுற்ற வைத்தார், வாவு முகம்மதின் எறும்புகளைப் பற்றி விரித்துரைத்தார். சிகரத்தில் நின்று உரையாற்றுவது பழைய வழக்கமாக்கும் என்று கூட்டம் அண்ணாந்து கேட்டது. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. கயிற்றைப் பிடித்திருந்த நஸீஹாவுக்குக் கை கடுத்தது. அண்ணாந்தவர்களுக்குக் கழுத்து சுளுக்கியது.

"யப்பா பாண்டி, மிச்சத்தக் கீழ வந்து சொல்லேன்!" என்றார் சதக்.

"இன்னும் ஆறு பேர் இருக்காக சதக்கு!" என்றார் மேலே இருந்தவர். குரல் நடுங்கியதை ஒரே ஓர் ஆள்தான் கவனித்தார். மூன்றாவது வரிசையில் மிக்சர் தின்றுகொண்டிருந்த ராக்கு. அந்த நடுக்கம் அவருக்குப் பழக்கம். மிக்சர் பொட்டலத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனார். பிடிகளை மாட்டுவதற்காக வைத்திருந்த இரும்புப் படியில் ஒவ்வொரு படியாக ஏறினார். சுவரின் உச்சிக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஏங்க," என்றார். "வாங்க, பின்னாடி படி இருக்கு."

நான்காவது வீரரின் கதை நடுவே பேச்சு நின்றது. உக்கிரபாண்டி அவரைப் பார்த்தார். தலை நரைத்திருந்தது, குரலில் மாற்றமில்லை.  மனைவியின் கையைப் பிடித்துச் சுவரைத் தாண்டி, கயிற்றைக் கழற்றிவிட்டு, படி வழியாக, ஒரு கீறல்கூட இல்லாமல், பின்பக்கத்திலிருந்து நடந்து வந்தார்.

சதக் சும்மா இருப்பாரா? வந்த வழியைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார். நாற்பது ஆண்டுக்கு முன்னால் காவல் காத்த கைக்கடிகாரம் இப்போதுதான் மணி அடித்தது போலிருந்தது அவர் முகம். "பாண்டி, அப்ப அந்தப் பின்முகம்...?"

உக்கிரபாண்டியின் கண் பலகைக்குப் போய்த் திரும்பியது. அதற்குள் ராக்கு முந்திக்கொண்டார். "பின்முகம் சாமானியப்பட்டதில்லண்ணே. ரொம்பக் கஷ்டம். நான் கூடத்தான இருந்தேன்."

"நீங்க அங்கன எப்படிம்மா?"

"ஆடு மேஞ்சுச்சு," என்றார் ராக்கு.

 இப்போது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும். பலகை அப்படியே நிற்கும். உக்கிரபாண்டி வாயைத் திறந்தார். "அங்கன நூத்தியெட்டுப் படி இருக்கு சதக்கு. எனக்கு முன்னாலயே இவ மேல இருந்தா. கூழு குடிச்சுக்கிட்டு இருந்தா. நான் அழுதுக்கிட்டு இருந்தேன்." நஸீஹாவிடம் திரும்பி, "அந்தப் பலகைய மாத்து தாயி," என்றார்.

மாற்றினார்கள். இப்போது முதல் பெயர் ராக்கு, பதினோரு ஆடுகளுடன். இரண்டாவது பெயர் உக்கிரபாண்டி. 'இறங்கிய' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். அடடா, மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? போன வாரம் பரமக்குடி பஸ்ஸில் அவர் சொல்லிக்கொண்டு வந்தது: "இந்தக் காலத்துப் பயலுக என்னத்த ஏறுறாங்க? எங்க காலத்துல பொம்பளைகளே பதினோரு ஆட்டோட ஏறுனாக! ஆயிரத்து இருநூறு அடி!"

கடைசி சீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்வோம். சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும், நீங்கள் தன்னந்தனியாக ஏறிய கதையை, அந்தப் பரீட்சையை, அந்த வேலையை, அந்த வீடு கட்டிய கதையை, விருந்தாளிகளிடம் ஆரம்பிப்பதற்கு முன்னால் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அங்கே ஒருவர் பேசாமல் நின்றுகொண்டிருப்பார். அவருக்குப் படி இருக்கும் இடம் தெரியும்.