இருநூற்று எழுபத்தைந்து பருந்துகளை அச்சிட வேண்டாம்

மைசூரு
சனிக்கிழமை, பிற்பகல்

பெருமதிப்பிற்குரிய சீனு அத்திம்பேருக்கு, பாலசந்திரன் நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே வெயில் இன்னும் பொறுக்கும்படியாகத்தான் இருக்கிறது. அக்காவின் முழங்கால் மாடிப்படி ஏறச் சம்மதிக்கிறதா என்று காமாக்ஷி கேட்கச் சொன்னாள்.

நான் சொல்ல வருவது நடுவில் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நீங்கள் நடத்தும் பறவைச் செய்திமடலின் முதல் பக்கத்தில் என் பெயருடன் வரவிருக்கும் 275 என்ற எண்ணை அச்சிட வேண்டாம்.
2. அந்த எண் எப்படி வந்தது.
3. இறகு உதிரும் நோய் என்று நான் கிளப்பிய பீதி.
4. அந்த 275-இல் ஒன்றுகூட வடக்கே வலசை போகும் பறவை அல்ல.
5. இனி எண்ணுவதற்கு நான் தகுதியானவன் அல்ல. நீங்கள் கொடுத்த பைனாகுலர் பார்சலில் திரும்பி வரும்.

இதைத் தொலைபேசியில் சொல்ல இன்று காலையிலிருந்து மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நீங்கள் என்னை வாழ்த்தினீர்கள், மூன்று முறையும் நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வியாழக்கிழமை மடல் அச்சுக்குப் போகிறது என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

நான் முப்பத்து நான்கு வருஷம் ரயில்வே யார்டில் சரக்கு வண்டிகளின் வேகன்களை எண்ணிக் குறித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கம்பத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும், கம்பத்தைத் தாண்டுவதை எல்லாம் எண்ண வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதில் ஒருநாளும் நான் தவறு செய்ததில்லை, அதாவது செய்ததாக யாரும் எழுத்தில் கொடுத்ததில்லை. சாமுண்டி மலை முகட்டிலும் அதே முறையைத்தான் வைத்துக்கொண்டேன். எதிரே தெரிகிற மொபைல் டவர்தான் கம்பம். தெற்கிலிருந்து வந்து அதைத் தாண்டி வடக்கே வலசை போகும் பருந்துகளை நான் எண்ணுவேன். எது எந்த வகை என்று பெயர் சொல்வது சுலோசனா அம்மாவின் பொறுப்பு. அவர் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர், எனக்குப் பெயர் வராது. இந்த வாரம் அவருக்குக் காய்ச்சல். "நீங்க இருக்கீங்களே சார், எனக்கென்ன கவலை" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான், அத்திம்பேர், என்னை இப்போது சாப்பிட விடாமல் செய்கிறது. செவ்வாய் 68, புதன் 70, வியாழன் 66, வெள்ளி 71, ஆக நேற்று உங்களுக்கு அனுப்பிய 275. எல்லாம் ஒன்பது மணியிலிருந்து ஒன்பதரைக்குள். என்ன ஒழுங்கு பாருங்கள் என்று நானே மெச்சிக்கொண்டேன். இவ்வளவு நேரந்தவறாத ஒன்றைச் சர்வீஸில் இருந்தவரை நான் பார்த்ததில்லை.

யார்டில் பழுதான வேகன் தென்பட்டால் பழுதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் செவ்வாயன்று ஒரு பருந்துக்கு இடது இறக்கையில் ஓர் இறகு இல்லை என்று எழுதினேன். புதனன்று இன்னொரு பருந்துக்கும் அதே இடத்தில் இறகு இல்லை. வியாழனன்று மூன்றாவது. வெள்ளியன்று நான்காவது. இவை எந்த ஊரிலிருந்து வருகின்றனவோ அங்கே ஏதோ நோய் பரவுகிறது என்று சுலோசனா அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் காய்ச்சலோடு காய்ச்சலாகத் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவரை எழுப்பிக் கேட்டிருக்கிறார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, பரிசோதனைக்கு ஒரு பறவையைப் பிடித்து வர முடியுமா என்றார். நான் சற்று யோசித்துவிட்டு, முடியாது என்றேன்.

இன்று காலை என்னை மலைக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரர் உமேஷ், வண்டி சூடாகிவிட்டது என்று இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். டவரைத் தாண்டிப் பருந்துகள் வந்தன. நான் இருபது வரை போயிருப்பேன்.

"இதையா ஸ்வாமி தினா எண்றீங்க? இது நம்ம மீன் மார்க்கெட் பருந்து அல்லவா?"

"எந்த மீன் மார்க்கெட்?"

"அதோ, ஊருக்குள்ள. ஒம்பதரைக்குத் தலை, வால், குடல் எல்லாம் பின்னாடி கொட்றாங்க. அந்தப் பக்கம் ஏரி மரத்துல தூங்கிட்டு, டியூட்டிக்கு வர்ற மாதிரி கரெக்டா வந்துடும். மத்யானம் வாபஸ். அந்த றெக்கை ஒடஞ்சவரு இருக்காரே, அவர் போன மாசம் என் சவாரி கையிலேர்ந்து போண்டாவே தூக்கிட்டுப் போய்ட்டாரு!"

அவை திரும்பி வரும் மத்தியானத்தில் நான் தினமும் வீட்டில் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அத்திம்பேர். ஆக நான்கு நாளும் நான் எண்ணியது அதே கூட்டத்தை. நான்கு நோயாளிகள் என்று நினைத்ததும் ஒரே ஆசாமி.

வீட்டுக்கு வந்து காமாக்ஷியிடம் சொன்னேன். அவள் கொத்தமல்லி ஆய்வதை நிறுத்தவில்லை. "ஏன்னா, வேகன்னா கடைசியில கார்டு வண்டி வரும், முடிஞ்சுதுன்னு தெரியும். பருந்துக்குக் கார்டு எங்கே உக்காந்திருக்கார்? போனது திரும்பி வராதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள். யார்டிலேயே ஏதாவது வேகன் பின்பக்கமாகச் சுற்றி வந்து என்னை இரண்டு தடவை தாண்டியிருக்குமோ என்று சாப்பிடும்போது ஒரு சந்தேகம் வந்தது. அதை இப்போது யாரிடம் கேட்பது?

சுலோசனா அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மடலில் 275 வந்து, அதை நம்பி யாராவது அடுத்த வருஷம் ரயிலேறி இங்கே வந்து, மீன் மார்க்கெட் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனால் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? தயவுசெய்து அந்த இடத்தில் வேறு எதையாவது போட்டுவிடுங்கள். மைனா பற்றிக்கூடப் போடலாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். தங்கள் ஆரோக்கியத்துக்கு நாங்கள் இருவரும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். அது வழக்கம்போல நடந்துவருகிறது.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை நாடும்
பாலசந்திரன்

பின்குறிப்பு (ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி): நேற்று நான் போவதற்குள் கூரியர் கடையைப் பூட்டிவிட்டார்கள். உமேஷ் சொன்னதைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டோமே என்று ராத்திரி முழுக்க ஓர் உறுத்தல். ஒரு வண்டி கிளம்பினால், அது போய்ச் சேர்ந்த இடத்திலும் ஒருவர் எண்ண வேண்டும், அதுதான் முறை. ஆகவே இன்று காலை உமேஷை மீன் மார்க்கெட் பின்னால் நிறுத்திவிட்டு நான் முகட்டில் நின்றேன். காய்ச்சல் விட்டு சுலோசனா அம்மாவும் வந்திருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மறுபடி இருமல் வந்துவிட்டது.

டவரைத் தாண்டியவை 69. ஒன்பதரை அடித்ததும் உமேஷ் போன் செய்தார். "நாப்பத்திரண்டு ஸ்வாமி. றெக்கை ஒடஞ்சவரும் வந்துட்டாரு, சௌக்கியமா இருக்காரு." மூன்று பேர் ஏறும் ஆட்டோவில் ஆறு பேரை ஏற்றுகிற மனிதர், அவர் எண்ணிக்கையில் பிசகு இருக்காது. 69 கிளம்பி 42 போய்ச் சேர்ந்தால் யார்டில் எனக்கு மெமோ வந்திருக்கும். இருபத்தேழைக் காணோமே என்று நான் பதறியபோது சுலோசனா அம்மா பைனாகுலரை என் கையில் வைத்து, "கீழே தேடாதீங்க சார். மேலே பாருங்க, இன்னும் மேலே" என்றார். மீன் கூட்டம் இறங்கிய இடத்தில் இறங்காமல், மிக உயரத்தில், இறக்கையை ஆழமில்லாத கிண்ணம்போல் தூக்கிப் பிடித்தபடி, அசைக்காமல், வலசை போகும் பூனைப்பருந்துகள் (பெயர் சுலோசனா அம்மா சொன்னது) வடக்கே போய்க்கொண்டிருந்தன. கண்ணுக்கு எட்டும்வரை பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. மத்தியானம்வரை அங்கேயே இருந்து, மீன் கூட்டம் மட்டும் திரும்பியதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். மோர் சாதம் காத்திருக்கிறது.

செவ்வாய் முதல் வெள்ளி வரை அப்படி எத்தனை போயினவோ, இனி யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு 27 என்று மட்டும் போடுங்கள். முதல் பக்கம் வேண்டாம். உமேஷ் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். பைனாகுலருக்காக எடுத்து வைத்த டப்பாவில் காமாக்ஷி அக்காவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் வைத்துக் கட்டிவிட்டாள், ஆகவே பைனாகுலர் இந்தத் தடவை வராது. நாளை ஏழு மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன்.

மேலே நான்காவதாக எழுதியிருப்பதை அடித்துவிடவும். அதில் நான் சொன்னது தவறு.