அடி தெரியாத ட்ரே

ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவது சாதாரண காரியம் இல்லை. அதற்குப் படிப்பு வேண்டும், நிதானம் வேண்டும், உண்மையைச் சொல்லாமலே பக்கத்தை நிரப்பும் சாமர்த்தியம் வேண்டும். எனக்கு இதில் ஒன்றும் கிடையாது. நான் வேன் ஓட்டுகிறவன். ஆனாலும் எங்கள் சீன பஃபே உணவகக் குழுமத்தின் வரலாற்றை நான்தான் எழுதியாக வேண்டும். அந்த வரலாறு பூராவும் என் வேனின் பின்பக்கத்தில்தான் நடந்தது.

முதலில் இருந்தது ஒரே ஒரு கடை. ஆரம்பித்தவர் என் அக்கா வீட்டுக்காரர். கீழே கடை, மேலே வீடு. வாசலில் ஒரு தொகையைக் கட்டிவிட்டால், நீள மேஜையில் வரிசையாக வைத்திருக்கும் ட்ரேக்களில் இருந்து வேண்டுமட்டும் அள்ளிக்கொள்ளலாம். நூடுல்ஸ், ஃபிரைட் ரைஸ், சூப், சிவப்பாக ஏதோ ஒன்று, பச்சையாக ஏதோ ஒன்று.

ஏன் சீனச் சாப்பாடு? அத்தான் சீனாவுக்குப் போனவரா? அவர் அடுத்த தெருவுக்குப் போவதென்றாலே அக்காவிடம் வழி கேட்பார். அந்த வருஷம் எல்லோருக்கும் சீனச் சாப்பாட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். சுவரில் ஒரு டிராகன் வரையச் சொன்னோம். பெயின்டர் அதுவரை முதலை மட்டுமே வரைந்து பழகியவர். இன்றைக்கும் எங்கள் சுவரில் ஒரு முதலை நெருப்புக் கக்கிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் நிஜமாகவே ஒரு சீனர் வந்து சாப்பிட்டார். போகும்போது, "ரொம்ப நல்லா இருந்தது. இது எந்த நாட்டுச் சமையல்?" என்று கேட்டார். பாவம், வீட்டுச் சாப்பாடு மறந்துபோயிருக்கும்.

கடை மதியம் மட்டும்தான். மூன்று மணிக்கு ஷட்டர் இறங்கும். மிஞ்சினதை ஒதுக்கிவிட்டு அத்தான் மேலே போவார். அக்கா மேஜையில் இரண்டு தட்டு வைத்துக் காத்திருப்பாள். அதில் சீனம் எதுவும் இருக்காது. சோறு, ஒரு காய், சண்டை. "நாள் முழுக்க ஊருக்கே போடறீங்க. இந்த ஒரு வேளை நான் போடறதச் சாப்பிடுங்க. வேற எதுவும் நான் கேக்கல" என்பாள். உண்மையாகவே அவள் வேறு எதுவும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும், நான் கூடப் பிறந்தவன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒருநாள், மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், டை கட்டிய ஒருவர் தட்டோடு வந்து நூடுல்ஸ் ட்ரேயை எட்டிப் பார்த்தார். மூலையில் ட்ரேயின் அடி பளபளவென்று தெரிந்தது. நெருங்கின சொந்தத்தைப் பறிகொடுத்தவர் மாதிரி நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"ட்ரே சார்" என்றார் அத்தான்.

"அது தெரியுதுய்யா. ஏன் தெரியுது? முதல்ல வந்தவனும் நானும் ஒரே தொகைதான கட்டினோம்? அவனுக்கு மலை, எனக்குத் தரையா?"

அவர் நுகர்வோர் துறை அதிகாரி. அன்றிலிருந்து நாங்கள் அவருக்கு வைத்த பெயர் எட்டிப்பார். மறுநாளே ஆணை வந்தது. 'உணவகம் மூடப்படும் கணம் வரையில், எந்தவொரு ட்ரேயின் அடிப்பாகமும் நுகர்வோரின் பார்வைக்குப் புலப்படலாகாது.' கணம் என்ற சொல்லை எழுத யாரோ நிறையச் சிரமப்பட்டிருக்க வேண்டும்.

சரி என்று, குறையக் குறைய மேலே கொட்டிக்கொண்டே இருந்தோம். மூன்று மணிக்கு எல்லா ட்ரேயும் மேடாக நின்றன. மிஞ்சினதைக் குப்பையில் போடப் போனால், வாசலில் ஒருவர் கைத்தராசோடு நிற்கிறார். வீணாக்கல் தடுப்புத் துறை. "ஒரு பருக்கை கொட்டினாலும் லைசென்ஸ் ரத்து" என்றார். சரி, உள்ளேயே வைப்போம் என்றால், சுகாதாரத் துறையில் இருந்து ஒருவர் வந்தார். இவர் கையுறையைக் கழற்றவே மாட்டார். தலையைச் சொறிவதும் கையுறையோடுதான், மூக்கைத் துடைப்பதும் கையுறையோடுதான், எங்கள் சூப்பைத் தொட்டுப் பார்த்ததும் அதே கையுறையோடுதான். "மூடின கடைக்குள்ள சமைச்ச சாப்பாடு இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. சும்மா கொடுத்தால் அது விநியோகமாம். அதற்குத் தனி லைசென்ஸ். சாப்பாடு விற்காதவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

கடைசியில் நாங்களே தின்றோம். கடைசி ஆள் வெளியே போனதும், ஷட்டர் இறங்குவதற்குள் நானும் அத்தானும் சமையல்காரரும் மூச்சு முட்டத் தின்போம். அத்தான் மேலே போனால் அக்கா சோறு போடுவாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நான் போடறது இப்ப உங்களுக்கு இறங்கலையா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய் நின்று அழுதாள். அத்தானுக்குத் தாங்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு அதிகாரிகளின் ஆபீசுக்கே கிளம்பினார்.

மூன்று அதிகாரிகளும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் ஒரே ஃபேன். ஆனால் ஒருவர் துறை விஷயத்தை இன்னொருவர் காதில் போட்டுக்கொள்வது மரபில்லையாம்.

"சார், அடி தெரியக் கூடாதுன்னு நீங்க சொல்றீங்க. அப்ப மிஞ்சும்."

"தாராளமா மிஞ்சட்டும்" என்றார் எட்டிப்பார்.

"மிஞ்சினா கொட்டக் கூடாதுங்கறார் இவர்."

"பாவம்ல?" என்றார் தராசு.

"வைக்கவும் கூடாதுங்கறார் அவர்."

"கிருமி" என்றார் கையுறை.

"அப்ப நான் என்னதான் சார் செய்யறது?"

"கடைய மூடாம இருங்க. மூடினாத்தான பிரச்சினை?" என்றார் எட்டிப்பார்.

"மூணு மணிக்கு மூடணும்னு லைசென்ஸ்ல நீங்கதான போட்டிருக்கீங்க?"

"அப்ப மூடித்தான் ஆகணும்" என்றார்கள் மூவரும். அந்த அறையில் மூவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அத்தான் எழுந்திருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிடிவாதமாக உட்கார்ந்தார். "மூணே கால் மணிக்கு நான் என் பொண்டாட்டியோட உக்காந்து சாப்பிடணும் சார். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, போயிடறேன்."

கையுறை கையுறையால் மோவாயைத் தடவினார். "மூடின கடைக்குள்ள இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். திறந்திருக்கிற கடையில இருக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

"என் கடை மூடியிருக்குமே சார்."

"உங்களுக்கு இன்னொரு கடை இருந்தா? மூணு மணிக்கு மேலயும் திறந்திருக்கிற கடை?"

"பழைய சாப்பாடு இல்லையா அது?"

"சாப்பாட்டோட வயசு, அது வந்து சேர்ந்த நேரத்துலேர்ந்துதான் கணக்கு. கதவைத் தாண்டி உள்ள வர்றப்ப அது வரத்து. அப்பத்தான் பிறந்த மாதிரி."

எங்கள் குழுமம் உதயமானது இப்படித்தான். பெரிய தொழிலதிபர்கள் தொலைநோக்குப் பார்வை, துணிச்சல் என்றெல்லாம் எழுதிவைக்கிறார்கள். எங்களுடையது மிச்ச நூடுல்ஸ்.

இரண்டாவது கடை மாலை வரைக்கும். அது மூடும்போது இரண்டு கடை மிச்சம். அதனால் மூன்றாவது, சினிமா தியேட்டருக்கு எதிரில். அதுவும் மூடும் அல்லவா? ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று, மார்க்கெட்டில் ஒன்று, ரயில் நிலையத்தில் ஒன்று. ரயில் நிலையக் கடை மறுநாள் மதியம் மூடும்போது முதல் கடை திறந்துவிடும். அங்கே இருந்து ட்ரேக்களை ஏற்றிக்கொண்டு முதல் கடைக்கே வந்து இறக்கினேன். வட்டம் முடிந்தது. சட்டத்தில் ஒரு ஓட்டை கிடையாது. பத்திரிகைக்காரர்கள் 'அசுர வளர்ச்சி' என்று எழுதினார்கள். அக்காவுக்கு மட்டும் வேறு மாதிரி தெரிந்தது.

"எப்பத்தான் சாப்பிட வருவீங்க?" என்று ஃபோனில் கேட்டாள்.

"கடைசிக் கடை மூடட்டும், வந்துடறேன்."

"கடைசிக் கடை எப்ப மூடும்?"

"முதல் கடை திறக்கறப்ப."

அந்தப் பக்கம் ஃபோன் வைக்கிற சத்தம் கேட்டது. அத்தான் ஆஸ்பத்திரிக் கடையில் நின்றபடியே ஒரு ஸ்பிரிங் ரோலைக் கடித்துக்கொண்டார். அது எந்தக் கடையில் பிறந்தது என்று அவருக்கே தெரியாது.

இனி வரலாற்றில் ஒரு நுட்பமான கட்டம். ட்ரேயின் அடி தெரியக் கூடாது. அதனால் மேலே மேலே போடுகிறோம். ஜனங்கள் மேலே இருப்பதைத்தான் அள்ளுகிறார்கள். அப்படியானால் அடியில் இருப்பது? அது அங்கேயேதான் இருக்கிறது. சூடாகவே இருக்கிறது, ஊரைச் சுற்றுகிறது, ஒவ்வொரு வாசலிலும் புதிதாகப் பிறக்கிறது. முதல் கடையின் நூடுல்ஸ் ட்ரேயில் அடி தெரியாமல் இருக்க முதன்முதலில் போட்ட நூடுல்ஸ், வருஷங்கள் ஓடியும், அதே இடத்தில் அமர்ந்திருந்தது. எங்கள் நிறுவனத்தில் அதைவிட சீனியர் யாருமில்லை.

இது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நடந்ததோ வேறு. குச்சியில் ஃபோனைச் சொருகிக்கொண்டு ஊர் ஊராகச் சாப்பிட்டுப் பேசும் ஒரு ரசனைக்காரர் வந்தார். கரண்டியைக் கொஞ்சம் ஆழமாக விட்டுவிட்டார். வாயில் வைத்தவர் கண்ணை மூடினார். போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று நான் ஓடினேன். கண்ணைத் திறந்து ஃபோனைப் பார்த்துச் சொன்னார்: "நண்பர்களே, இதுல காலம் இருக்கு."

அவ்வளவுதான். மறுநாளில் இருந்து புது நூடுல்ஸை எவனும் சீந்தவில்லை. "ஆழத்துலேர்ந்து போடுங்க" என்று அடம்பிடித்தார்கள். வயிறு கலங்கினவர்கள்கூட, தங்கள் நாக்கு இன்னும் அந்த உயரத்துக்கு வரவில்லை என்று வெட்கப்பட்டார்கள். மூன்று துறைகளும் கூடி எங்களுக்குப் பாரம்பரியச் சுவை விருது கொடுப்பதாக முடிவு செய்தன. விழா, முதல் கடையில், மதியம்.

அன்றைக்கு முதலைக்கு மாலை போட்டிருந்தோம். எட்டிப்பார் பேசினார், தராசு பேசினார், கையுறை கையுறையோடு கைதட்டினார். அத்தான் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். இளைத்துப்போயிருந்தார். இத்தனை கடைக்கு முதலாளி, உட்கார்ந்து சாப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

முதல் தட்டை யார் பரிமாறுவது என்று கேட்டபோது, மாடிப்படியில் இருந்து அக்கா இறங்கி வந்தாள். பெரிய கரண்டியை எடுத்தாள். நூடுல்ஸ் ட்ரேக்குள் முழங்கை வரைக்கும் விட்டாள்.

"அக்கா, வேண்டாம்" என்றேன். எனக்கு அவள் முகம் தெரியும்.

ஒரே நெம்பு. கர்ரென்று ஒரு சத்தம். அத்தனை வருஷமும் செங்கல் மாதிரி பெயர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. நட்ட நடுவில் ட்ரேயின் அடி பளிச்சென்று எல்லோருடைய கண்ணிலும் அடித்தது.

எட்டிப்பார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அடி! அடி தெரியுது! கடை இன்னும் மூடலை, அடி தெரியுது!"

"தெரியுதுல்ல? அப்ப பூட்டுங்க" என்றாள் அக்கா. "எல்லாக் கடையையும் பூட்டுங்க. நல்லாப் பூட்டுங்க சார், சாவியக் கெணத்துல போட்டாலும் சரி. நான் என் புருஷனுக்குச் சோறு போடணும்."

அத்தான் பயந்துபோய் அவளைப் பார்த்தார். அப்புறம் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

சட்டம் சட்டம்தான். விருது கொடுக்க வந்த கையாலேயே எல்லாக் கிளைகளையும் பூட்டச் சொல்லி அங்கேயே ஆணை போட்டார் எட்டிப்பார். போட்ட மை காய்வதற்குள் கையுறை எழுந்தார்.

"பூட்டின கடைக்குள்ள சமைச்ச சாப்பாடு இருக்கக் கூடாதே."

"கொட்டவும் கூடாது" என்றார் தராசு.

"திறந்திருக்கிற கிளைக்கு அனுப்புங்க" என்றார் கையுறை.

"எல்லாத்தையும்தான் பூட்டியாச்சே" என்றார் எட்டிப்பார்.

நான் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன். "எங்க ஏத்தட்டும் சார்? சூடு ஆறுது."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த நேரத்தில், அவர்கள் கைக்கு எட்டின தூரத்தில், திறந்திருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அவர்களுடைய ஆபீஸ்.

ட்ரேக்களை மூன்று மேஜைக்கும் பங்கிட்டு இறக்கினேன். சாயங்காலம் ஆயிற்று. ஆபீசை மூட முடியவில்லை, உள்ளே சமைத்த சாப்பாடு. ராவோடு ராவாகக் கிளை அலுவலகம் ஒன்றுக்கு அனுமதி வாங்கினார்கள். அது மூடுவதற்குள் இன்னொன்று. வேனோடு சேர்த்து என்னையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அரசாங்க உத்தியோகம், பென்ஷன் உண்டு. அக்காவின் மேஜையில் மறுபடியும் இரண்டு தட்டு. அத்தான் மட்டும் இன்னும் தட்டில் அடி தெரிந்தால் பதறிப்போய்க் கரண்டியைத் தேடுகிறார். அக்கா அவர் கையில் ஒன்று போடுகிறாள்.

இப்போது எந்த நேரத்திலும் ஏதோ ஒரு அரசு அலுவலகம் திறந்திருக்கிறது. நிர்வாகச் சீர்திருத்தம் என்று நீங்களும் புகழ்கிறீர்கள். என்ன, பிறப்புச் சான்றிதழ் கேட்டாலும் சரி, குடிதண்ணீர் வரவில்லை என்று புகார் சொன்னாலும் சரி, "முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்" என்று தட்டை நீட்டுவார்கள். சாப்பிட்டு முடித்தவர் யாரும் இதுவரை புகாரை ஞாபகம் வைத்துக்கொண்டு பேசியதாகத் தெரியவில்லை.

போன வாரம் நீங்களும் வந்திருந்தீர்கள். வேனில் இருந்து பார்த்தேன். ஏப்பம் விட்டுக்கொண்டே வெளியே வந்து, பக்கத்தில் நின்றவரிடம், "என்ன சொல்லுங்க, அந்தக் காலத்து ருசி அப்படியே இருக்கு" என்றீர்கள்.

அந்தக் காலத்து நூடுல்ஸே அதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நீங்கள் இரண்டாவது தட்டுக்கு உள்ளே போய்விட்டீர்கள்.